தைராய்டு கட்டிக்கு ஊசி டெஸ்ட்: எங்கே எடுக்கலாம், எவ்வளவு நம்பலாம்?

கழுத்துக் கட்டி புற்றா இல்லையா என்று பார்க்க எப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்லை எடுத்துப் பார்ப்பது) அளவுக்குச் சுலபமான டெஸ்ட் வேறு இல்லை. மயக்க மருந்து வேண்டாம், அட்மிட் ஆக வேண்டாம். தென்காசி, வள்ளியூர்ப் பக்கத்துக்காரர்கள் காலையில் பாளையங்கோட்டைக்கு வந்தால் அன்றைக்கே ஊர் திரும்பிவிடலாம். ஆனால் ரிசல்ட் சரியாக வருவது ஊசி போடுகிற கையைப் பொறுத்தது.

கட்டியைக் கையால் தடவிப் பிடித்து எடுக்கிற இடங்கள் உண்டு. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எடுக்கிற இடங்களும் உண்டு. இரண்டாவதற்குக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள், தகும். பாதி நீராக இருக்கும் கட்டியில் கைத்தடவலாகக் குத்தினால் நீர்தான் வரும். ஸ்கேன் இருந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சதைப் பகுதிக்கே ஊசியைக் கொண்டுபோகலாம்.

25 கேஜ் மெல்லிய ஊசி போதும். இரண்டு முதல் ஐந்து தடவை இடம் மாற்றிக் குத்துவார்கள். ஊசி உள்ளே இருக்கும்போது பேசவோ எச்சில் விழுங்கவோ கூடாது. தைராய்டில் ரத்த ஓட்டம் அதிகம், சிரிஞ்சைப் பலமாக இழுத்தால் செல்லுக்குப் பதில் ரத்தம்தான் நிறையும். எடுத்த செல்லை ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் தேய்ப்பார்கள். பாப் சாயம் (உட்கருவைத் தெளிவாகக் காட்டும் சாயம்) போடப்போகிற ஸ்லைடைத் தேய்த்த கையோடு 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். தாமதித்தால் செல் காய்ந்து உப்பிவிடும், உட்கரு தெளிவாகத் தெரியாது. நல்ல ஊசியும் இங்கேதான் வீணாகிறது. செல் போதுமா என்று அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் பேத்தாலஜிஸ்ட் இருந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள்.

ரிப்போர்ட்டில் பெதஸ்டா எண் (ரிசல்ட்டை 1 முதல் 6 வரை வகை பிரிக்கும் எண்) இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். 1 என்றால் செல் போதவில்லை, திரும்ப எடுக்க வேண்டும். 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பத்துச் செல்லாவது உள்ள கொத்துகள் குறைந்தது ஆறு கிடைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 2 வந்தால் புற்றுக்கான வாய்ப்பு, பெதஸ்டா முறையின் 2017 பதிப்பின்படி, 3 சதவீதத்துக்குள். 6 வந்தால் 97 முதல் 99. குழப்பம் நடுவில்தான், முக்கியமாக 4, அதாவது ஃபாலிக்குலர் கட்டி (தைராய்டின் நுண்ணறைச் செல்களில் வளர்வது) என்ற சந்தேகம். அந்தக் கட்டி தன் உறையையோ ரத்தக் குழாயையோ துளைத்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் புற்றா என்று சொல்ல முடியும். உதிரியாக வரும் செல்லில் அது தெரியாது. அதற்கு லேப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, ஆபரேஷனில் எடுத்த கட்டியைப் பார்த்தால்தான் முடிவு.

ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள்; ஹைகிரவுண்டிலோ (பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரி) மதுரையிலோ இன்னொரு டாக்டரிடம் காட்டும்போது அவர் பார்க்க வேண்டியது ஸ்லைடைத்தான்.