60 இருக்கை, 6 கார்: பார்க்கிங் குறைந்த கோவொர்க்கிங் இடம் சென்னையில் எங்கே தாங்கும்?

கோவொர்க்கிங் இடம் (பலர் இருக்கையை வாடகைக்கு எடுத்துப் பகிரும் அலுவலகம்) பார்க்கப் போகும் அன்று பார்க்கிங் காலியாகத்தான் இருக்கும். பிற்பகல் 3 மணிக்கோ சனிக்கிழமையோதான் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். புதன்கிழமை காலை 10:30-க்கு அதே ஸ்டில்ட்டில் (கட்டிடத்தின் அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் தளம்) போய் நின்று பாருங்கள். கட்டிடம் புதிதென்றால் அதுவும் போதாது. பாதி இருக்கை நிரம்பாத முதல் இரண்டு மூன்று மாதம் யாருக்கும் குறை தெரியாது. இருக்கை முக்கால்வாசி நிரம்பியதும் வாட்ச்மேனுக்கும் உறுப்பினருக்கும் தினம் ஒரு சண்டை.

60 இருக்கைக்கு 6 கார் என்பது நகரத்துக்குள் சகஜம். அந்த 6 போதுமா என்பதை முடிவு செய்வது ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். எங்கள் கணக்கில் எல்லை 600 மீட்டர், அதாவது ஏழெட்டு நிமிட நடை. அதைத் தாண்டினால் ஏப்ரல் வெயிலில் லேப்டாப் பையோடு நடக்க ஆளிருக்காது; ரயிலில் வந்தவர்களெல்லாம் மெல்ல பைக்குக்கு மாறிவிடுவார்கள்.

கிண்டிக்கு இதனால்தான் முதல் இடம். மின்சார ரயிலும் மெட்ரோவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தாம்பரம் பக்கத்து ஆளும் வண்ணாரப்பேட்டை ஆளும் வண்டியில்லாமல் வரலாம். ஆனால் விளம்பரத்தில் ‘கிண்டி’ என்று போட்டுவிட்டு இடம் தொழிற்பேட்டையின் உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும். லாரி போகும் சாலை, நடைபாதை பெயருக்குத்தான். மேப் காட்டும் தூரத்தை நம்பாமல் ஒருமுறை நடந்தே பாருங்கள். மெட்ரோவின் எந்த வாசலில் இறங்கி வருகிறீர்கள், சாலையைக் கடக்க சுரங்கப்பாதை உண்டா என்பதிலேயே ஐந்து நிமிடம் கூடும், குறையும். இரண்டு மெட்ரோ வழித்தடமும் சந்திக்கும் ஆலந்தூருக்கும், அடுத்த ஈக்காட்டுத்தாங்கலுக்கும் இதே கணக்குதான்.

தேனாம்பேட்டை, நந்தனம் பக்கம் அண்ணா சாலையை ஒட்டிய கட்டிடங்களில் ரயில் ஆட்களுக்குப் பிரச்சினையே இல்லை. காரில் வருபவர்தான் நடுத் தடுப்பைச் சுற்றி யூ-டர்ன் தேடி அலைய வேண்டும்.

தியாகராய நகர் இரண்டு முகம் உள்ள இடம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தபின், ரயிலில் வருபவர் ரங்கநாதன் தெரு நெரிசலில் இறங்காமலே வெளியேறலாம். கார் என்றால் கதை வேறு. ஜூனில் எடுத்தால் எல்லாம் சுகம். ஆடித் தள்ளுபடியில் மூச்சு முட்டும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் கிளையன்ட் மீட்டிங்கே வைக்க முடியாது. தணிகாசலம் சாலையின் அடுக்குமாடி வாகன நிறுத்தம் எப்போதாவது வரும் விருந்தினருக்குச் சரி. தினசரி வருபவர் அதை நம்பி உறுப்பினராகக் கூடாது.

ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டி இருந்தால் சமாளிக்கலாம். துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று தெற்கே போனால், அங்கே மெட்ரோ ஓடத் தொடங்கும்வரை பார்க்கிங் குறைந்த இடத்தை எடுக்கவே வேண்டாம்.

இனி கட்டிடத்துக்குள். கார் எண்ணிக்கையைவிட டூவீலர் இடமே முக்கியம். இதைத்தான் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. ஒரு கார் இடம் சுமார் 2.5 × 5 மீட்டர். ஹேண்டில்பார் இடிக்காமல், நடுவில் உள்ளதையும் வெளியே எடுக்கிற மாதிரி நிறுத்தினால் அதில் 5 பைக், நெருக்கினால் 6. 60 பேரில் 25 பேர் பைக்கில் வந்தால் 5 கார் இடம் போயிற்று. அதைத் தனியாகப் பெயின்ட் அடித்துப் பிரிக்காத கட்டிடத்தில் கார் பின்னால் எப்போதும் நாலு பைக் நிற்கும்.

‘12 கார் நிற்கும்’ என்றால் தரையில் 12-ஆ, ஒரு கார்மேல் இன்னொன்றைத் தூக்கி நிறுத்தும் இரட்டை அடுக்கு லிஃப்டில் 12-ஆ என்று கேளுங்கள். சாதாரண அடுக்கில் மேல் காரை இறக்கக் கீழ்க் காரை எடுத்தாக வேண்டும். ஆகவே சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், அவர் டீ குடிக்கப் போனால் நீங்களும் காத்திருக்க வேண்டும். செடான் உயரத்துக்குப் போட்ட கீழ்த்தட்டில் இன்னோவா நுழையாது. கரண்ட் போனால் லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுகிறதா என்பதும் கேட்க வேண்டியதே. பல இடங்களில் ஏசிக்கு உண்டு, இதற்கு இல்லை.

பேஸ்மென்ட் என்றால் சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு இருந்தால், அல்லது அந்த உயரம் வரை மட்டும் புது பெயின்ட் இருந்தால், தண்ணீர் வந்த இடம். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இது சின்ன விஷயமல்ல. ரேம்ப் தொடங்கும் இடம் சாலையைவிட மேடாக இருக்கிறதா, மோட்டார் பம்ப் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த 6 இடமும் பூஜ்யமாகும் நாட்கள் வரும்.

ஒப்பந்தத்தில் ‘இருப்பைப் பொறுத்து’ என்று எழுதியிருந்தால் பார்க்கிங் இல்லை என்றே பொருள். ஸ்லாட் எண், மாதக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் எழுத்தில் வேண்டும். அந்த இடம் கோவொர்க்கிங் நிறுவனத்துடையதா, கட்டிட உரிமையாளருடையதா என்பதையும் கேளுங்கள். உரிமையாளருடையதாக இருந்து, தரைத்தளத்தில் நாளைக்கு ஒரு உணவகமோ ஸ்கேன் சென்டரோ வந்தால் உங்கள் ஸ்லாட்டில் அவர்கள் வாடிக்கையாளர் கார்தான் நிற்கும்.

அமெரிக்க நேரத்தில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால் இன்னொன்று: மெட்ரோ இரவு 11 மணியோடு சரி. அவர்களுக்கு மாலை 5-க்குமேல் காலியாகும் ஸ்லாட்டைப் பாதிக் கட்டணத்தில் கேட்டுப் பாருங்கள். எப்படியும் காலியாகக் கிடப்பதுதானே, பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.