1946இன் இரு இசைப் படங்கள்: ‘ஹ்யூமரெஸ்க்’கா, ‘டிசெப்ஷ’னா?

பழைய படங்களைக் கூடிப் பார்க்கும் நண்பர் குழுவுக்கு, இசைக்கலைஞனையும் அவனைச் சூழும் செல்வத்தையும் பற்றிய ஹாலிவுட் மெலோடிராமா ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. வார்னர் பிரதர்ஸ் 1946ஆம் ஆண்டில் மட்டும் அத்தகைய இரண்டை வெளியிட்டிருந்தது: ழான் நெகுலெஸ்கோ இயக்கிய ‘ஹ்யூமரெஸ்க்’, இர்விங் ராப்பர் இயக்கிய ‘டிசெப்ஷன்’. நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒன்றில் ஜோன் க்ராஃபோர்ட், மற்றதில் பெட்டி டேவிஸ்; இரண்டுக்கும் ஒளிப்பதிவு எர்னஸ்ட் ஹாலர். ஆகவே அந்த வகையில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. நடிப்பில் தனியொருவரைச் சுட்டச் சொன்னால், ‘டிசெப்ஷ’னில் ஹொலேனியஸ் என்னும் இசையமைப்பாளராக வரும் கிளாட் ரெயின்ஸையே சுட்டுவேன். கதையில் வரும் செல்லோக் (வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த ஒலி தரும் தந்திக்கருவி) கலைஞனைப் பதற்றத்தில் வாட்டுவதற்காகவே, உணவகத்தில் எந்தப் பறவைக்கறிக்கு எந்த மது பொருந்தும் என்று அவர் நிதானமாக ஆராயும் காட்சிக்கு நிகரான நகைச்சுவை ‘ஹ்யூமரெஸ்க்’கில் இல்லை, அங்கே பியானோக் கலைஞனாக வரும் ஆஸ்கர் லெவன்ட்டின் குத்தல் பேச்சு ஓரளவு ஈடு செய்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: கதையின் முக்கியத் திருப்பங்களை நடத்துவது வசனமா, இசையா என்பது. ‘டிசெப்ஷ’னுக்காக எரிக் வுல்ஃப்காங் கோர்ன்கோல்ட் எழுதிய செல்லோ கான்செர்ட்டோ (வாத்தியக் குழுவோடு செல்லோ முதன்மையாக ஒலிக்கும் இசைப்படைப்பு) பின்னர் விரிவுபடுத்தப்பட்டுக் கச்சேரி மேடைப் படைப்பாகவே நிலைத்தது, ஆனால் படத்துக்குள் அது ஒருவரையொருவர் மிரட்டும் பகடைக்காயாகவே உருள்கிறது, பொய்யும் பொறாமையும் பேச்சிலும் இறுதியில் துப்பாக்கியிலுமே தீர்வு காண்கின்றன. ‘ஹ்யூமரெஸ்க்’கில் பலசரக்குக் கடைக்காரரின் மகனான வயலின் கலைஞன் பால் போரேயை (ஜான் கார்ஃபீல்டு) மேடையேற்றும் செல்வச் சீமாட்டி ஹெலன் ரைட்டின் (க்ராஃபோர்ட்) பணம் எல்லாவற்றையும் வாங்குகிறது, அவன் கவனத்தைத் தவிர. கணவர் மணவிலக்குக்கு இசைந்த செய்தியை அவள் ஒத்திகை நடுவே சீட்டில் எழுதி அனுப்ப, அவன் அதைக் கசக்கிவிட்டு வாசிப்பைத் தொடர்கிறான். அவளுடைய இடம் எதுவென்று சொல்ல அதற்குமேல் வசனம் தேவைப்படவில்லை. முடிவில் (அறிய விரும்பாதவர்கள் இந்த வாக்கியத்தைத் தாண்டிச் செல்லலாம்) வாக்னரின் ‘டிரிஸ்டன் அண்ட் இசோல்ட’ இசை நாடகத்தின் இறுதிப் பகுதியை ஃப்ரான்ஸ் வாக்ஸ்மன் வயலினுக்கெனத் தழுவி அமைத்த வடிவம் வானொலியில் ஒலிக்க, அவள் கடலுக்குள் நடந்து போகிறாள்.

வாசிப்பு நம்பும்படி இருப்பதால்தான் இவை பலிக்கின்றன. ஒலிப்பது இருபதுகளில் இருந்த ஐசக் ஸ்டெர்னின் வயலின். நெருக்கக் காட்சிகளில் ஜான் கார்ஃபீல்டு கைகளை மறைத்துக்கொள்ள, மறைந்திருந்த கலைஞர்களில் ஒருவர் வில்லை இழுத்தார், மற்றொருவர் விரல்களை வைத்தார். ‘டிசெப்ஷ’னில் செல்லோவுக்கும் இதே உத்தி பயன்பட்டது என்றாலும், வயலின் கேட்டுப் பழகிய செவி எனக்கு. செல்லோ வாசிப்பின் நுட்பங்களை அதே உறுதியோடு எடைபோட இயலாது.

குறையும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் ‘ஹ்யூமரெஸ்க்’கில் ஹெலன் வருவதற்கு முன்னுள்ள குடும்பக் காட்சிகள் இழுக்கின்றன, விறுவிறுப்பையும் கூர்மையான பேச்சையும் நாடும் கூட்டமாக இருந்தால் ‘டிசெப்ஷ’னைத் திரையிடுவதில் தவறில்லை. ‘ஹ்யூமரெஸ்க்’ என்றால் நல்ல ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.