ஃபைன் கட்டுவதற்கு முன் முழுப் படத்தையும் திறந்து பாருங்கள், நான் பார்க்காமல் மாட்டிக்கொண்டேன்

வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். கேமராவில் சிக்கியதாக அபராத நோட்டீஸ் வந்தால், தொகை சின்னதுதானே, கட்டித் தொலைப்போம் என்று கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன். அதில் ஆரம்பித்த அலைச்சல் ஏழு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் நோட்டீஸில் இருந்தது வேக வரம்பை மீறிய குற்றம், நேரம் காலை 8:42. கூடவே ஒரு படம். கறுப்பு வெள்ளையில் நம்பர் பிளேட் மட்டும், அதுவும் தபால்தலை அளவில். நம்பர் என்னுடையதுதான். அந்தச் சாலையில் நான் எப்போதாவது போவதுண்டு, அன்றைக்குப் போனேனா என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை, சரி போயிருப்பேன் என்று நானே முடிவு செய்துகொண்டு ஐந்து நிமிடத்தில் போனிலேயே பணத்தைக் கட்டிவிட்டேன். சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி என்று வேறு போட்டிருந்தது. யோசிக்க விடாமல் செய்வதற்குத்தான் அந்தத் தள்ளுபடியோ என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று வாரத்தில் இரண்டாவது வந்தது. அதே கேமரா, 8:39. அடுத்த வாரமே மூன்றாவது, 8:41. இந்த இரண்டு நாளும் அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் இருந்திருக்கிறேன், விரல் வைத்த வருகைப்பதிவே இருக்கிறது. அப்போதுதான் அவர்களுடைய இணையதளத்துக்குள் போய், பக்கத்தின் அடியில் கண்ணில் படாத மாதிரி இருந்த 'முழுப் படம்' என்பதை அழுத்தினேன். கலர் படம் திறந்தது. நிறம் என் வண்டியின் நிறம், மாடலும் அதேதான். ஆனால் கூரையில் சாமான் கட்டும் கம்பிகள் இரண்டு நீளமாக ஓடுகின்றன. என் வண்டியில் அப்படி எதுவும் கிடையாது. நம்பரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி எண் 3. அதன் இடது பக்கம், திறந்திருக்க வேண்டிய இடத்தில், பிளேட்டை முடுக்கிய ஸ்க்ரூவின் தலையும் அதைச் சுற்றி அப்பிய சேறும் சேர்ந்து அந்த 3-ஐ மூடி 8 ஆக்கிவைத்திருந்தன. என் நம்பர் 8-இல் முடிகிறது. யாரோ ஒருவர் தினமும் வேலைக்குப் போகும் வழியில் வேகமாகப் போகிறார், பில் என் வீட்டுக்கு வருகிறது!

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இந்த வகைக் கேமராக்கள் பலவற்றில் இரண்டு படம் எடுப்பார்கள். ஒன்று அகச்சிவப்பு ஒளியில் பிளேட்டுக்காக மட்டும், இன்னொன்று வண்டி முழுவதும் தெரிய. எழுத்தைப் படிக்கும் மென்பொருள் முதல் படத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. 8-க்கும் ஆங்கில பி-க்கும், 0-க்கும் ஓ-வுக்கும் அது தடுமாறுவது இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு ரொம்பப் பழைய சமாச்சாரம். அதனால்தான் நோட்டீஸ் அனுப்பும் முன் ஒரு மனிதர் இரண்டு படத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. கேமராவுக்கு ஓட்டுபவர் யாரென்று தெரியாது, பிளேட்தான் தெரியும். பல இடங்களில் சட்டமும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் பொறுப்பைப் போடுகிறது. ஆக, நான் இல்லை என்று நிரூபிப்பது நம் வேலை ஆகிவிடுகிறது.

ஆட்சேபணை தெரிவிக்கும் படிவத்தைத் திறந்தேன். காரணம் என்ற இடத்தில் நான்கு தேர்வுகள்: வண்டியை விற்றுவிட்டேன், வண்டி திருடுபோனது, வேறொருவர் ஓட்டினார், மருத்துவ அவசரம். 'அது என் வண்டியே இல்லை' என்பது அதில் இல்லை. வேறொருவர் என்று போட்டால் அவருடைய லைசென்ஸ் நம்பர் கேட்கிறது. கடைசியில் மருத்துவ அவசரத்தைத் தேர்ந்தெடுத்து, குறிப்புப் பெட்டியில் நடந்ததைச் சுருக்கி எழுதி, என் வண்டியின் கூரையைப் படமெடுத்து இணைத்தேன். (வீட்டில் சிரித்தார்கள்.) 19 நாள் கழித்து பதில்: "தங்கள் ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டது. இதே இடத்தில் இதே வாகனத்தின் முந்தைய விதிமீறலைத் தாங்கள் ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தியுள்ளீர்கள்."

அதாவது, தொல்லை வேண்டாம் என்று நான் கட்டிய அந்த முதல் ஃபைன், அவர்கள் கணக்கில் என் வாக்குமூலம். பணம் கட்டுவது குற்றத்தை ஏற்பதற்குச் சமம் என்று பல இடங்களில் விதியே இருக்கிறது. நோட்டீஸின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். யார் படிக்கிறார்கள்?

இதற்கு நடுவில் வண்டியை விற்கப் பேசி முடித்திருந்தேன். நிலுவை இருப்பதால் பெயர் மாற்ற முடியாது என்றார்கள். வாங்க வந்தவர் பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வண்டி வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நேரில் போனேன். முதல் கவுன்ட்டரில் இருந்தவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "கேமரா பொய் சொல்லாது சார்" என்றார். இரண்டாவது ஆள் வேறு பிரிவுக்கு அனுப்பினார். மூன்றாவது முறை போனபோது ஒரு பெண் அதிகாரி போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தை விரித்துப் பார்த்து, "இது மூணாச்சே" என்றார். அவ்வளவுதான், அரை நிமிடம் ஆகியிருக்காது. இரண்டு நோட்டீஸை ரத்து செய்தார்கள். முதலில் கட்டிய பணம்? "நீங்கதான் ஒத்துக்கிட்டீங்களே சார்."

கேமரா பொய் சொல்லாது என்பவர்களுக்கு இரண்டு விஷயம். 2012-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வேகக் கேமரா ஒன்று சிக்னலில் அசையாமல் நின்ற காருக்கு மணிக்கு 38 மைல் வேகம் என்று அபராதம் போட்டது. எடுத்த படங்களே கார் நகரவில்லை என்று காட்டின. 2013-இல் அந்தத் திட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2021-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பஸ் பாதையில் நடந்துபோன ஒரு பெண்ணின் சட்டையில் 'நிட்டர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கேமரா அந்த KNITTER-ஐ நம்பர் பிளேட் என்று நினைத்து, நடுவில் இருந்த I, T இரண்டையும் 1, 9 என்று படித்து, KN19 TER என்ற நம்பரில் எங்கோ தொலைவில் இருந்த ஒரு வேனின் உரிமையாளருக்கு அபராதம் அனுப்பிவிட்டது. பொய் சொல்லவில்லைதான், உளறியது. கேமராவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, வேகக் கேமரா வைத்த இடங்களில் விபத்து குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் சண்டை, படத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்துகிறவர்களோடு.

உங்களுக்கு வந்தால் முதலில் அது உண்மையான நோட்டீஸா என்று பாருங்கள், இந்தப் பெயரில் மோசடிக் குறுஞ்செய்திகளும் சுற்றுகின்றன, அதில் வரும் லிங்க்கைத் தொடாமல் துறையின் தளத்துக்கு நீங்களே முகவரி அடித்துப் போங்கள். அப்புறம் முழுப் படத்தை இறக்கிப் பத்திரப்படுத்துங்கள், கொஞ்ச நாளில் தளத்திலிருந்து எடுத்துவிடக்கூடும். பிளேட்டை மட்டும் பார்க்காதீர்கள். கூரை, பம்பர், ஸ்டிக்கர், சக்கரக் கப், நசுங்கல் எல்லாவற்றையும் பாருங்கள். உங்கள் வண்டியை நாலு பக்கமும் இப்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆட்சேபணைக்குக் கெடு தேதி உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். சந்தேகம் இருக்கும்வரை ஒரு பைசா கட்டாதீர்கள்.

ரத்து செய்தபோது அந்த அதிகாரியிடம், இது மறுபடி வருமா என்று கேட்டேன். "சிஸ்டத்துல குறிச்சு வெச்சிருக்கோம்" என்றார். நேற்று நான்காவது நோட்டீஸ் வந்திருக்கிறது. காலை 8:40. முழுப் படத்தைத் திறந்தேன். கூரையில் அதே கம்பிகள், பிளேட்டில் அதே சேறு.