பழைய கார் வாங்கும்போது ரீகால் பார்ப்பது: சில வருட அனுபவம்

பழைய கார் பார்க்கப் போனால் என்ன கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். எத்தனையாவது ஓனர், எவ்வளவு ஓடியிருக்கிறது, ஷோரூம் சர்வீஸா வெளி சர்வீஸா, டயர் எப்போது மாற்றியது, இன்சூரன்ஸ் கரன்ட்டில் இருக்கிறதா. இதற்கெல்லாம் சளைக்காமல் பதில் சொல்கிறவர், "இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது பாக்கி இருக்கா?" என்று கேட்டதும் முகத்தைச் சுளிப்பார். ரீகால் என்றால், விற்ற வண்டியில் குறை தெரிந்ததும் கம்பெனியே திரும்ப அழைத்துக் காசில்லாமல் சரிசெய்து கொடுப்பது. கார் கன்சல்டிங் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம், "அதெல்லாம் அமெரிக்காவுல சார், நம்ம ஊர்ல ஏது" என்றே சொல்லிவிட்டார்.

நம் ஊரிலும் தாராளமாக உண்டு. கார் கம்பெனிகளின் சங்கமான சியாம் 2012-லேயே, கம்பெனிகள் தாமாக முன்வந்து ரீகால் செய்வதற்கான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதன்படி அரசே ரீகாலுக்கு உத்தரவு போடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. உத்தரவை மதிக்காத கம்பெனிக்கு 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் இந்தக் கட்டாயம் தயாரித்து 7 வருடத்துக்குள் இருக்கும் வண்டிகளுக்குத்தான். அதைத் தாண்டிய வண்டிக்குக் கம்பெனி தானாக மனது வைத்தால் உண்டு. அரசு சொல்லாமல் கம்பெனிகள் தாமாக அழைப்பதும் உண்டு: 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 பழைய கார்களை ஃப்யூயல் பம்ப் மாற்ற அழைத்தது.

நான் சென்னையில் வேளச்சேரிப் பக்கம் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றைச் சில வருடங்களாக ஓட்டுகிறேன். அது எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை; பெயரைச் சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்றுதான் போகும். நான் சொல்ல வந்தது, வாங்கும் முன் செய்யும் அந்தப் பத்து நிமிட வேலையைப் பற்றி. என் வண்டிக்குச் செய்தேன். பிறகு மச்சானுக்கும் ஆபீஸ் நண்பர் ஒருவருக்கும் செய்து கொடுத்தேன். மூன்று முறையும் ஏதோ ஒன்று சிக்கியது.

சிக்குவதற்குக் காரணம் இருக்கிறது. ரீகால் அறிவித்ததும் கம்பெனியிடமிருந்து கடிதமோ எஸ்.எம்.எஸ்ஸோ போவது புது வண்டி வாங்கிய முதல் ஓனருக்கு. அவர் வண்டியை விற்று நாளாகியிருக்கும், வீடு மாறியிருப்பார், போன் நம்பரை மாற்றியிருப்பார். வண்டி இரண்டாவது கைக்கு வந்ததும் வெளி மெக்கானிக்கிடம் போக ஆரம்பித்துவிடும். அங்கே இதைச் சொல்ல யாரும் கிடையாது. அதனால் ரீகால் பாக்கி என்பது பெரும்பாலும் பழைய வண்டிகளில்தான் தேங்கிக் கிடக்கிறது.

பார்ப்பதற்குத் தேவை சேசிஸ் நம்பர், 17 எழுத்து. அரசின் பரிவாகன் ஆப்பில் அடுத்தவர் வண்டிக்கு முழு நம்பர் தெரிவதில்லை. ஆர்.சி.யைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் சிலர் தயங்குவார்கள். நான் கேட்பது இன்சூரன்ஸ் காப்பியை. அதில் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டும் முழுதாக இருக்கும். கூடவே நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்பதும் தெரிந்துவிடும். ஐந்தாறு வருட வண்டிக்கு அது பூஜ்யம் என்றால், கிட்டத்தில் எதற்குக் கிளெய்ம் போட்டீர்கள் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

பெரிய கம்பெனிகள் பலவற்றின் தளத்தில் இந்த நம்பரைப் போட்டுப் பார்க்க ஓர் இடம் உண்டு. பளிச்சென்று வைத்திருக்க மாட்டார்கள், பக்கத்தின் அடியில் தேட வேண்டும். மாருதியில் எம்.ஏ.3 என்ற முதல் மூன்றை விட்டுவிட்டு மீதி 14-ஐ அடிக்க வேண்டும். அப்புறம், ரீகால் எல்லாமே தயாரிப்புத் தேதியை வைத்துத்தான். பதிவான வருடத்தைப் பார்த்து முடிவு செய்தால் தப்பாகும். 2018 மே மாதம் 52,686 ஸ்விஃப்ட், பலேனோ கார்களை பிரேக் வேக்யூம் ஹோஸுக்காக மாருதி அழைத்தது. அவை 2017 டிசம்பர் 1-லிருந்து 2018 மார்ச் 16 வரை தயாரானவை. அதே மாடலில் ஏப்ரலில் செய்த வண்டிக்கு ஒன்றுமில்லை. ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

தளத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போனும் போடுவது நல்லது. ரீகால் என்று கேட்டால் அட்வைசர் சற்று விறைப்பார். அங்கே புழங்கும் பெயர் கேம்பெயின். "கேம்பெயின் பெண்டிங் ஏதாவது காட்டுதா?" என்று கேட்டால் சிஸ்டத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ரீகால் என்று அறிவிக்காமல் சாஃப்ட்வேர் அப்டேட், சின்னப் பார்ட் மாற்றம் என்று சத்தமில்லாமல் செய்யும் வேலைகளும் அந்த சிஸ்டத்தில் இருக்கும். நான் கூப்பிட்ட ஓர் இடத்தில், ஓனர் நம்பரிலிருந்து கூப்பிட்டால்தான் சொல்வோம் என்றார்கள். விற்பவரையே கூப்பிட வைத்தேன்.

என் வண்டி கோவையில் இருந்தது. கோவை வண்டி என்றால் சென்னையில் ஒரு மரியாதை உண்டு: உப்புக்காற்று கிடையாது, வெள்ளத்தில் நின்றிருக்காது. ஓனர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், சர்வீஸ் பில்லை எல்லாம் ஃபைல் போட்டு வைத்திருந்தார். சேசிஸ் நம்பரை அடித்தால் ஃப்யூயல் பம்ப் பாக்கி என்று வந்தது. மனுஷன் ஆடிப்போய்விட்டார். "வண்டி ஒரு நாள்கூட நின்னதில்லையே தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மைதான். இந்தப் பம்ப் விவகாரம் 2020 வாக்கில் உலகம் முழுக்கப் பல கம்பெனிகளில் வந்தது. பம்புக்குள் சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, உறையில் உரச ஆரம்பித்து, ஒரு நாள் நின்றுவிடும். நிற்கும்வரை எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். பைபாஸில் நூறில் போகும்போது இன்ஜின் அணைந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் 2020 ஜூலையில் மாருதி வேகன் ஆர், பலேனோ இரண்டிலுமாக 1,34,885 கார்களை ஃப்யூயல் பம்புக்காக அழைத்தது.

அவரை நான் விலையில் இறுக்கவில்லை. ரீகால் பாக்கி என்பது வாங்குகிறவருக்கு ஒரு வகையில் லாபம். காசில்லாமல் புதுப் பார்ட் கிடைக்கிறது. பெயர் மாற்றுவதற்கு முன்னால் அவரையே சர்வீஸ் சென்டரில் வண்டியை விடச் சொன்னேன், நானும் போயிருந்தேன். பின் சீட்டின் குஷனைத் தூக்கினார்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் கை அகல மூடி. அதைத் திறந்ததும் பெட்ரோல் வாடை ஆளைத் தூக்கியது. பம்பை மிதவையோடு அப்படியே உருவி எடுத்துவிட்டுப் புதியதை இறக்கினார்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது. பழையதைக் கேட்டேன், கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தரவில்லை. பில்லில் பூஜ்யம். அந்த ஜாப் கார்டை ஃபைலில் வைத்திருக்கிறேன். நாளைக்கு நான் விற்கும்போது காட்டலாம்.

மச்சான் பார்த்த வண்டி வேறு ரகம். மகள் கல்லூரிக்குப் போக, 2012-ல் தயாரான ஒரு செடான். விலை மலிவு, பெயின்ட் பளபள. நம்பரைப் போட்டதும் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர், அதாவது பையை ஊதவைக்கும் பாகம், பாக்கி என்று வந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடற்கரை ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

ஜப்பானின் டகாட்டா கம்பெனி தன் ஏர்பேக்குகளை ஊதவைக்க அமோனியம் நைட்ரேட் வில்லைகளைப் பயன்படுத்தியது. வெக்கையும் ஈரப்பதமும் வருடக்கணக்கில் மாறி மாறிப் பட்டால் அந்த வில்லை கெட்டுப்போகும். கெட்டது வெடித்தால் தேவைக்கு மேல் வேகமாக வெடிக்கும். உலோகக் கூடே சிதறி, காப்பாற்ற வேண்டிய பை வழியாக முகத்திலும் கழுத்திலும் பாயும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்களுக்கு ரீகால் போனது. மலேசியாவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. டகாட்டா 2017-ல் திவாலானது. அமெரிக்க அரசு எந்த ஊர் வண்டிகளை முதலில் மாற்றச் சொன்னது தெரியுமா? ஃப்ளோரிடா, ஹவாய் போன்ற வெக்கையும் ஈரமும் கூடிய இடங்களை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி வெயிலில் பத்துப் பன்னிரண்டு வருடம் நின்ற வண்டியை அந்தக் கணக்கில் எங்கே வைப்பது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலும் ஹோண்டா பல தவணைகளாக ரீகால் செய்தது. 2017 ஜனவரியில் மட்டும் 2012-ல் தயாரான அக்கார்டு, சிவிக், சிட்டி, ஜாஸ் கார்கள் 41,580.

வயது கூடக் கூட ஆபத்தும் கூடும், விலையும் குறையும். அப்படிக் குறைந்த விலை வண்டி யார் கைக்குப் போகிறது? புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகளின் கைக்கு. மச்சானிடம், வாங்குவதானால் இன்ஃப்ளேட்டர் மாற்றிய பில்லைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள் என்றேன். விற்பவர் "ஏர்பேக் என்னைக்காவது வெடிச்சாத்தானே" என்றார். மச்சான் அந்த வண்டியை விட்டுவிட்டார்.

ஏர்பேக் என்றதும் இன்னொன்று. சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம். யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

ஆபீஸ் நண்பருக்காகப் பார்த்த ஆட்டோமேட்டிக்கில் கிடைத்தது நான் எதிர்பார்க்காத உபயோகம். மீட்டரில் 52,000 சொச்சம். கேம்பெயின் பாக்கி இல்லை, முடித்தாகிவிட்டது என்றார்கள் சர்வீஸ் சென்டரில். எப்போது, எத்தனை கிலோமீட்டரில் என்று கேட்டோம். இரண்டு வருடத்துக்கு முன்னால், 71,000-ல். கன்சல்டிங்காரரிடம் சொன்னால் அசராமல், "மீட்டர் போர்டு மாத்தினது சார்" என்றார். வெளி சர்வீஸ் வண்டியில் கிலோமீட்டரைச் சரிபார்க்க வழியே இல்லை என்பார்கள். இலவச வேலைக்காகவாவது வண்டி ஒரு முறை ஷோரூமுக்குப் போயிருந்தால், அங்கே எழுதிய கிலோமீட்டரைப் புரோக்கரால் தொட முடியாது.

வேளச்சேரிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 செப்டம்பரில் மாருதி 1,81,754 பெட்ரோல் கார்களை மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்ற மின் பாகத்துக்காக அழைத்தது. சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6, தயாரிப்பு 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை. சரிசெய்யும்வரை தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்டாதீர்கள் என்று கம்பெனியே சொன்னது. எங்கள் தெருவில் நவம்பர், டிசம்பரில் தண்ணீர் தேங்காத சாலையை நான் பார்த்ததில்லை.

இவ்வளவு சொன்னாலும், ரீகால் ஒன்றுமில்லை என்று வந்தால் வண்டி நல்ல வண்டி என்று ஆகிவிடாது. ரீகால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தான குறைக்கு. பர்ஸைக் காலி செய்யும் குறைகள் அதில் வராது. ஆட்டோமேட்டிக் வண்டிகளில் வரும், ஆயிலில் மூழ்காத (டிரை) இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்கள் நகர நெரிசலில் சூடேறித் தொல்லை கொடுப்பது ஊரறிந்தது. ஃபோக்ஸ்வாகனின் 7 கியர் டி.எஸ்.ஜி. என்ற இந்த ரகக் கியர்பாக்ஸுக்கு 2013-ல் உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகளில் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள். அதற்காக எல்லாக் கியர்பாக்ஸ் தொல்லையும் ரீகாலில் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. அந்த மாதிரி வண்டியை நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்; காலியான சர்வீஸ் ரோட்டில் எல்லாமே வெண்ணெய்யாகத்தான் போகும்.

என் வண்டியிலேயே செலவு வைத்தது ஏ.சி. கூலிங் காயில். டேஷ்போர்டை முழுதாகக் கழற்றினால்தான் கைக்கு எட்டும். காயில் விலையைவிட அந்த வேலைதான் பெரிது. பிறகு லோயர் ஆர்ம் புஷ், ஒரு வீல் பேரிங். இது எதுவும் எந்தத் தளத்திலும் வராது. அந்த மாடலை நாலைந்து வருடம் தொட்டுப் பழகிய மெக்கானிக் அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். "இந்த வண்டில வழக்கமா எதுண்ணே போகும்?" என்று கேளுங்கள், அவர் விரல் விட்டு எண்ணுவார்.

துருவும் வெள்ளமும் அப்படித்தான். டி.என். 69 வண்டி என்றால் தூத்துக்குடி உப்புக்காற்று, லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்க்காமல் பேசவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முங்கிய வண்டிகள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுதாகக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியில் தெரியும் பாதியைக் கழுவியிருப்பார்கள். சுருளுக்குள் இருக்கும் பாதியில் சேற்றுக் கோடு அப்படியே நிற்கும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, பலரும் செய்வதில்லை. பெயர் மாறிய ஆர்.சி. கைக்கு வந்ததும் சர்வீஸ் சென்டருக்குப் போய் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் சேசிஸ் நம்பரோடு ஏற்றச் சொல்லுங்கள். சர்வீஸுக்கு வெளியில் விட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்துவிடுங்கள். நானும் ஏற்றினேன். ஆனாலும் வண்டியின் சர்வீஸ் ஞாபக மெசேஜ் இன்னும் கோவை அய்யாவுக்குத்தான் போகிறது. அவர் அதை வாட்ஸ்அப்பில் எனக்குத் தள்ளிவிட்டு, "வண்டி நல்லா ஓடுதா தம்பி?" என்று கேட்பார். அடுத்த சர்வீஸில் மறுபடி அந்த நம்பரை மாற்றச் சொல்ல வேண்டும்.