வேதாரண்யத்தில் மாடிக்கு ஷீட் கூரை: ஓர் ஒப்பந்ததாரரின் வேலை குறித்து

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, எங்கள் மாடிக் கூரை இரும்புப் பைப்போடு பெயர்ந்து பக்கத்துத் தென்னந்தோப்பில் போய் விழுந்தது. அதைப் போட்டுக்கொடுத்தவர் ரசீதும் தரவில்லை, பிறகு தொலைபேசியையும் எடுக்கவில்லை. ஆகவே, சென்ற ஆண்டு மறுபடியும் கூரை போட முடிவு செய்தபோது, ஆளை விசாரிப்பதற்கே ஒரு மாதம் செலவழித்தேன்.

நம்மைப் போலவே புயலுக்குப் பழகிய அமெரிக்காவின் புளோரிடாவில், கூரை வேலை எடுப்பவருக்கு உரிமம் கட்டாயம். அந்த எண்ணை வீட்டுக்காரரே இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். இங்கே பொதுப்பணித்துறையின் ஒப்பந்ததாரர் பதிவு அரசு வேலைகளுக்கானது. தனியார் வீட்டுக்குக் கூரை போடுபவரிடம் கேட்பதற்கென்று அப்படியோர் உரிமம் கிடையாது. எனவே சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் நம் தலையில்தான் விழுகிறது. நான் முதலில் பார்த்தது ஜி.எஸ்.டி. எண்ணை. எழுத்தும் இலக்கமுமாகப் பதினைந்து குறிகள் கொண்ட அந்த எண் தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும்; ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இட்டால் பெயரும், பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். விலைப்புள்ளி கொடுத்த மூவரில் ஒருவருடைய பதிவு ரத்தாகியிருந்தது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய ஒப்பந்ததாரருக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால், எண் இல்லாததையே குற்றமாகக் கொள்ள வேண்டாம். ஆனால் செல்லாத எண்ணை அச்சிட்டுத் தருபவரை நம்ப முடியாது.

நான் தேர்ந்தெடுத்தவர், ஷீட்டின் கனம் 0.50 மி.மீ., அலுமினியம்–துத்தநாகப் பூச்சு, பைப்பின் அளவு, திருகுகளின் இடைவெளி ஆகிய அனைத்தையும் விலைப்புள்ளியிலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். ஷீட் வந்து இறங்கியதும், அடிப்பக்கத்தில் அச்சிட்டிருந்த கனத்தை நானே பார்க்கட்டும் என்று ஒன்றைப் புரட்டிக் காட்டினார். ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கும்வரை திருகை முடுக்கிய பையனை நிறுத்தி, அதைக் கழற்றிப் புது வாஷருடன் மறுபடி போடச் செய்தார். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் ஓட்டையும் துருவும் அந்த இடத்தில்தான் தொடங்கும் என்பதால், எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அப்போதுதான்.

ஆனால் மேலே ஏறிய நால்வருக்கும் விழாமல் காக்கும் பாதுகாப்பு இடுப்புப் பட்டை இல்லை; கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை ஒருவரிடம் மட்டுமே இருந்தது. இதை வேலை தொடங்குமுன் நான் கேட்டிருக்க வேண்டும், அவரும் தாமாகவே செய்திருக்க வேண்டும்.

பேசியபடி தொகையில் பத்தில் ஒரு பங்கை ஐப்பசி மழை வரை நிறுத்திவைத்தேன். முதல் கனமழையில் முகட்டுக்கு அருகே நீர் சொட்டியது. சொல்லியனுப்பிய மறுநாளே வந்து இரண்டு திருகுகளை மாற்றிவிட்டு, அடுத்த மழையில் ஒழுகவில்லை என்று நான் சொன்ன பிறகே மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார்.