நாசிக் சூலாவுல ஒயின் டேஸ்டிங்: பன்னீர் திராட்சை ஊர்க்காரியோட ரிவியூ

ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா ஒயின் குடிச்சுப் பழகிட்டு வர்றேன். பெங்களூர்ல வேலை, வீட்டுக்காரரும் நானும் மாசத்துக்கு ஒரு பாட்டில் வாங்குவோம், நான் ஒவ்வொண்ணையும் மோந்து பாத்து நோட்டுல ரெண்டு வரி எழுதி வெச்சுக்குவேன். இந்த பிப்ரவரில அறுவடை நேரமா பாத்து நாசிக் போய் சூலா வின்யார்ட்ஸ்ங்கற ஒயின் கம்பெனியோட திராட்சைத் தோட்டத்துல டூர், டேஸ்டிங் ரெண்டும் பண்ணிட்டு வந்தோம். எப்படி இருந்துச்சு, அவ்ளோ தூரம் போகலாமான்னு ஃபிரெண்ட்ஸ் நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். முதல்லயே சொல்லிடறேன், போகலாம், கண்டிப்பா போகலாம்.

எனக்கு ஊரு கம்பம் பக்கம், பன்னீர் திராட்சை விளையற ஊரு. திராட்சைன்னா எங்களுக்கு பந்தல்தான், தலைக்கு மேல கல்தூணும் கம்பியுமா பந்தல் போட்டு கொடி ஓடும், கீழ குனிஞ்சு நடக்கணும், நிமிந்தா நெத்தில கொத்து இடிக்கும். நாசிக்ல வேற மாதிரி. வேலி மாதிரி வரிசை வரிசையா கம்பி கட்டி கொடிய நிமித்தி விட்டுருக்காங்க, கொத்து முழங்காலுக்கு மேல இடுப்புக்குக் கீழ தொங்குது. டூர் கூட்டிட்டுப் போன பையன் ஒரு பழம் பறிச்சுத் திங்கச் சொன்னாரு. சுண்டைக்காய விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான், தோல் தடிமன், உள்ள ரெண்டு கொட்டை, சதைன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல, ஆனா அப்படி ஒரு இனிப்பு. எங்க ஊர் பழத்த விட இனிப்பு ஜாஸ்தி. அந்தச் சர்க்கரையத்தான் ஈஸ்ட் தின்னு ஆல்கஹாலா மாத்துது, கலரும் துவர்ப்பும் தோல்ல இருந்து வருது, அதனால திங்கற திராட்சை வேற, ஒயின் திராட்சை வேறன்னு அங்க நின்னு ஒரு பழத்த மென்னப்பதான் எனக்கு முழுசா புரிஞ்சுச்சு.

சூலாவ ஆரம்பிச்சவர் ராஜீவ் சமந்த், அமெரிக்காவுல வேலைய விட்டுட்டு வந்து 1990கள்ல இங்க குடும்ப நிலத்துல திராட்சை வெச்சாரு, முதல் ஒயின் வெளிய வந்தது 2000ல. அதுக்கு முன்னாடியே கர்நாடகால கன்வல் குரோவர் நந்தி மலை அடிவாரத்துல பிரெஞ்சு ரகங்கள வெச்சுட்டாரு, அவங்களோட லா ரிசர்வ்ங்கற ஒயின் பத்தி கீழ சொல்றேன். இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நம்ம நாட்டு ஒயினுக்கு வயசு கம்மி. ஐரோப்பால குளிர் காலத்துல கொடி இலைய உதுத்துட்டுத் தூங்கிடும், நம்ம ஊர் சூட்டுல கொடி தூங்கவே தூங்காது, அதனால இங்க வருஷத்துக்கு ரெண்டு தடவ கவாத்து பண்றாங்க, அதாவது கொடிய வெட்டி விடறாங்க, ஏப்ரல் வாக்குல ஒண்ணு, மழை முடியற நேரத்துல செப்டம்பர், அக்டோபர்ல ஒண்ணு. அறுவடை ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள. பிரான்ஸ்ல அது செப்டம்பர்ல நடக்கும். கவாத்துன்னு அந்தப் பையன் சைகைல காட்டினதுமே நான் தலையாட்டிட்டேன், அப்பா கைல கத்தரியோட நின்ன ஞாபகம் அப்படியே வந்துருச்சு.

டூர்ல ஸ்டீல் டேங்க், ஓக் பீப்பா வரிசை, பாட்டில்ல அடைக்கற இடம் எல்லாம் காட்டுறாங்க. அதப் பத்தி ரொம்ப எழுத ஒண்ணுமில்ல, பீப்பா ரூம் வாசம் மட்டும் மறக்காது, ஈரக்கட்டையும் வெனிலாவும் கலந்த மாதிரி. அப்புறம் டேஸ்டிங். பால்கனில நின்னா கீழ தோட்டம், அந்தப் பக்கம் கங்காபூர் அணைத் தண்ணி. எங்களுக்கு ஆறு ஒயின், ஒவ்வொண்ணும் ரெண்டு மடக்குக்கு வரும், லைட்டானதுல ஆரம்பிச்சு ஸ்ட்ராங் ஆனது வரைக்கும்.

சாவிஞான் பிளாங்க்னு ஒரு வெள்ளை ஒயின் ஊத்தினாங்க, திராட்சை ரகத்தோட பேருதான் ஒயினுக்கும், மூக்குகிட்ட கொண்டு போனதும் எனக்கு வந்த வாசம் குடமிளகாய். இப்பதான் நறுக்கின பச்சைக் குடமிளகாய், அது பின்னாடி செங்காயா இருக்கற கொய்யா. வீட்டுக்காரர்கிட்ட ‘ஏங்க, குடமிளகாய் வருதா’ன்னு கேட்டேன், அந்தப் பையன் சிரிச்சுட்டு கரெக்ட்டுன்னு சொன்னாரு. குடமிளகாய்ல இருக்கற அதே வாசப்பொருள் இந்தத் திராட்சைலயும் இருக்கு, பைரசின்ங்கறது அதோட பேரு. இது எனக்குப் பெரிய விஷயம். ஒயின் பத்தி வர்ற எல்லாத்துலயும் பிளாக்கரன்ட், கூஸ்பெர்ரின்னே எழுதி வெச்சிருப்பாங்க, நான் பிளாக்கரன்ட்ட கண்ணால பாத்ததில்ல. நம்ம மூக்குக்குத் தெரிஞ்சது கொய்யா, நாவப்பழம், இலந்தை, மிளகு, கிராம்பு. அத வெச்சு மோந்து பாருங்க, தப்பே இல்ல, நாவப்பழம் தின்னு நாக்கு வரண்டு போற அந்தத் துவர்ப்புதான் டானின், இத விடத் தெளிவா எனக்கு யாரும் சொல்லித் தரல.

செனின் பிளாங்க்கும் வெள்ளைதான், லேசா இனிக்கும், முதல் தடவ குடிக்கறவங்களுக்கு நான் இதத்தான் சொல்வேன். ரோஸேங்கற பிங்க் ஒயின் நல்லா இருந்துச்சு, ஆனா எனக்கு அது ஞாபகத்துல நிக்கல. நின்னது திண்டோரி ரிசர்வ் ஷிராஸ்ங்கற சிவப்பு ஒயின். ஓக் பீப்பால ஊறினது, கிளாஸ்ல ஊத்தினா நாவப்பழச் சாறு கலர், சுத்திட்டு மோந்தா மிளகு. சும்மா பேச்சுக்குச் சொல்லல, அம்மி மேல மிளகு தட்டினப்ப வர்ற வாசம். வீட்டுக்காரருக்கு அது தெரியவே இல்ல, மூணு தடவ மோந்தாரு, ‘கட்டை வாசம்தான்டி வருது’ங்கறாரு. அப்புறம்தான் தெரிஞ்சுகிட்டேன், மிளகுல இருக்கற ரோட்டண்டோன்ங்கற பொருள்தான் ஷிராஸ்லயும் இருக்கு, ஆனா அஞ்சுல ஒருத்தர் மூக்குக்கு அந்த வாசம் எட்டவே எட்டாதாம். ஒரே பாட்டில், ஒரே மேசை, ரெண்டு பேர் குடிச்சது ரெண்டு ஒயின். அதனால யாராவது எனக்கு வரலியேன்னு சொன்னா வாதாடாதீங்க, அவங்க மூக்கு அப்படி.

கடைசியா லேட் ஹார்வெஸ்ட் செனின் பிளாங்க், கொத்த கொடிலயே கூட நாள் விட்டுப் பறிக்கறது, தேன் மாதிரி இருக்கும், சின்ன பாட்டில்தான் வரும். தீபாவளி பலகாரத்தோட இத வெச்சுக் குடுத்துப் பாருங்க, அதிரசத்துக்கு அவ்ளோ பொருத்தம்.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். வார நாள்ல போங்க, நிதானமா கேள்வி கேக்கலாம். வண்டிய நீங்க ஓட்டாதீங்க, ஆறு ஒயின் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சாலும் ஏறத்தான் செய்யும், நாங்க ஆள் வெச்ச கார்ல போனோம். துப்பறதுக்கு பாத்திரம் கேட்டா தருவாங்க, துப்பறதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல, டேஸ்ட் பண்றதுதான வேலை.

இனி வீட்ல குடிச்சது. குரோவர் ஜாம்பாவோட லா ரிசர்வ், கேபர்னே சாவிஞான், ஷிராஸ்னு ரெண்டு சிவப்பு ஒயின் திராட்சை கலந்தது, நந்தி மலை. பிரான்ஸோட ஒயின் நிபுணர் மிஷேல் ரோலண்ட் இதுக்கு ஆலோசகரா இருந்திருக்காரு. மட்டன் சுக்காவோட ஒரு ஞாயித்துக்கிழமை குடிச்சோம், அது வரைக்கும் நான் குடிச்ச நம்ம நாட்டு சிவப்பு ஒயின்லயே இதான் பெஸ்ட், இப்பவும் அதே மார்க்தான். ஆனா காரத்த கம்மி பண்ணுங்க, ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்த இன்னும் ஏத்தி விடும். காரமா செஞ்சே தீருவேன்னா லேசா இனிக்கற செனின்தான் சரி. அயிர மீன் கொழம்போட சிவப்பு குடிக்கவே குடிக்காதீங்க, நான் குடிச்சேன், வாய்க்குள்ள இரும்பு ஆணிய நக்கின மாதிரி ஆயிருச்சு, கொழம்பும் வீண், ஒயினும் வீண். மசால் வடையோட பிரூட்னு இனிப்பில்லாத நுரை ஒயின், சில்லுனு, இது நம்புங்க, எண்ணெய அப்படியே கழுவி விடும்.

ஒரு மோசமான அனுபவமும் சொல்லணும், பல பேர் ஒயின் பிடிக்கலன்னு சொல்றதுக்கு இதான் காரணம்னு நான் நெனைக்கறேன். எங்க ஏரியா கடை ஒண்ணுல, பேரு வேண்டாம், ஒரு நல்ல விலை சிவப்பு வாங்கினேன். வெயில் படற ஷோகேஸ்ல நிமித்தி வெச்சிருந்தாங்க, மாசக்கணக்கா நின்னிருக்கும் போல. வீட்ல வந்து பாத்தா கார்க் வாய விட்டு ஒரு நூல் மேல ஏறி நிக்குது, பக்கத்துல கசிஞ்ச கறை. தொறந்தா திராட்சை வாசமே இல்ல, காய்ச்சின வெல்லமும் வாடின உலர் திராட்சையுமா ஒரு வெந்த நாத்தம். திருப்பிக் கொண்டு போனேன், ‘தொறந்த பாட்டில மாத்த மாட்டோம்மா’ன்னுட்டாங்க. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு, ஒரு வருஷம் ஒருத்தர் பாடுபட்டு வளத்த பழம் அது. அதனால ஏசி இருக்கற கடைல வாங்குங்க, கார்க் தள்ளிட்டு இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க, வெள்ளை ஒயினா இருந்தா லேபிள்ல வருஷம் பாத்து புதுசா எடுங்க. இன்னொண்ணு, சிவப்ப ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்றது ஐரோப்பா ரூமுக்கு, 16ல இருந்து 18 டிகிரி. நம்ம ரூம் 30. ஊத்தறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வைங்க, அதே ஒயின்தானான்னு கேப்பீங்க.

கடைசியா, எனக்கு ரொம்பப் பிடிச்சது. இத்தாலில இருந்து வந்த ஃபிரெண்ட் மொஸ்காட்டோ டாஸ்திங்கற ஒயின் ஒரு பாட்டில் கொண்டு வந்தா. மஸ்கட் திராட்சைல பண்றது, வட இத்தாலில பீட்மான்ட் பக்கம், ஈஸ்ட் வேலைய பாதிலயே குளிர வெச்சு நிறுத்திடுவாங்க, அதனால ஆல்கஹால் 5 சதவீதம் பக்கம்தான், இனிப்பு அப்படியே நிக்கும், லேசா நுரை. கிளாஸ மூக்குகிட்ட கொண்டு போனேன், அவ்ளோதான், நான் எங்க தோட்டத்துல நிக்கறேன். சாயங்காலம் பழம் பறிச்சுக் கூடைல அடுக்கறப்ப வர்ற அந்த ரோஜா வாசம். ரெண்டாவது தடவ மோந்தேன், அதேதான். எங்க பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் ரகம், 2023ல புவிசார் குறியீடு வாங்கினது. தேடிப் படிச்சப்ப தெரிஞ்சுது, இந்த இத்தாலி மஸ்கட்தான் அதுக்குப் பாட்டன் முறை, நடுவுல அலெக்சாண்ட்ரியா மஸ்கட்னு ஒரு ரகம், அதோட புள்ளதான் நம்ம பன்னீர். ரோஜாவுல இருக்கற ஜெரானியால்ங்கற வாசப்பொருள் இந்தக் குடும்பத்துக்கே சொத்து. நம்ம ஆளுங்க பன்னீர்னு பேர் வெச்சாங்க, சீனால இதே பழத்துக்கு ரோஜா வாசம்னே அர்த்தம் வர்ற மாதிரி பேர் வெச்சிருக்காங்க.

மிச்சம் கொஞ்சம் இருந்த பாட்டில இறுக்கி மூடி ஐஸ் பெட்டில வெச்சு அடுத்த நாளே ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். அப்பா குடிக்க மாட்டாரு, மோந்து மட்டும் பாருங்கப்பான்னு குடுத்தேன். கிளாஸ ரெண்டு கையாலயும் பிடிச்சு கண்ண மூடி மோந்தாரு, ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல.

‘நம்ம பழம்ல?’

‘அதோட பாட்டன்ப்பா.’

‘அங்க வருஷத்துக்கு எத்தன வெட்டு?’

‘ஒண்ணுதானாம்ப்பா.’

‘ஒரு வெட்டுக்கா இம்புட்டு வாசம்’னு சொல்லிட்டு மறுபடி மோந்தாரு.