மாங்காய் போட்ட டெலிகாஸ்டர்: பதினொரு வருடம் வாசித்ததும், அதன் பிறந்த இடத்தைத் தேடியதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கோயில் திருவிழா, கல்யாண விருந்து, பிறந்தநாள் என்று வாரக்கடைசிகளில் வாசிக்கிறவன் நான். பதினொரு வருடமாக என் தோளில் தொங்குவது ஒரு டெலிகாஸ்டர், ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் எலெக்ட்ரிக் கித்தார். ரோஸ் நிற உடம்பு, அதன் மேல் முழுக்க முழுக்க மாங்காய் டிசைன். முதல் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் கூறைப்புடவை கரையில இதே மாங்காதான்டா இருந்துச்சு" என்றார். கித்தார்காரர்கள் இந்த டிசைனைப் பெய்ஸ்லி என்பார்கள். பெய்ஸ்லி என்பது ஸ்காட்லாந்தில் ஓர் ஊர். காஷ்மீர்ச் சால்வைகளைப் பார்த்து அதே மாதிரி நெய்து விற்றதால் அந்த ஊரின் பெயரே டிசைனுக்கும் ஒட்டிக்கொண்டது. அம்மா சொன்னதுதான் சரி, அது நம் பக்கத்து மாங்காய்.

இதை எனக்குக் கொடுத்தவர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர். ரப்பர் பால்மரத்தை எல்லாம் அழித்துச் செம்பனை போட்டுவிட்ட தோட்டம் அது. ஐயாவின் தம்பி கப்பலில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. கித்தார் கட்டிலுக்கு அடியில், பழைய கைலியில் சுற்றிக் கிடந்தது. "லிமிடெட் பீஸ், உலகத்துலயே கொஞ்சந்தான் செஞ்சான்னு சொல்லுவான் தம்பி. எனக்கு அதெல்லாம் தெரியாது. நீங்க வாசிப்பீங்கன்னா எடுத்துக்குங்க" என்றார். 1,800 வெள்ளி கொடுத்தேன்.

கம்பி மாற்ற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கையில் வாங்கிய உடனே "காப்பி பீஸ், நானூறு வெள்ளி தர்றேன், விட்டுட்டுப் போங்க" என்றார்கள். அடுத்த வாரம் வேறொரு கடையில் குரலைத் தாழ்த்தி, இது 1968 அமெரிக்க ஒரிஜினல், வெளியே காட்டாதே என்றார்கள். இரண்டு இடத்திலும் ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. யார் சொல்வதையும் நம்பாமல் நாமே பார்த்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் 1968 கதை. அந்த வருடம் ஃபெண்டர் கம்பெனி கலிஃபோர்னியாவில் இரண்டு வினோதமான டெலிகாஸ்டர்களை வெளியிட்டது. ஒன்று இந்த ரோஸ் பெய்ஸ்லி, இன்னொன்று நீலப்பூ போட்டது. சுவரில் ஒட்டும் டிசைன் காகிதத்தை மரத்தின் முன்னும் பின்னும் ஒட்டி, ஓரத்துக்கு வண்ணம் அடித்து, மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ் பூசினார்கள். டிசைன் மறையக்கூடாது என்று பிக்கார்டு என்ற கீறல் காப்புத் தகட்டையும் நிறமில்லாத பிளாஸ்டிக்கில் போட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். எல்விஸ் பிரெஸ்லியோடு வாசித்த ஜேம்ஸ் பர்ட்டன் கையில் இருந்ததால்தான் உலகம் அதை மறக்கவில்லை. பல வருடம் கழித்து ஜப்பானில் அதே வடிவத்தை மறுபடி செய்தார்கள். ஆக என் கையில் இருப்பது அமெரிக்காவின் பழையதா, ஜப்பானின் மறுபதிப்பா, இல்லை யாரோ எங்கோ செய்த போலியா? கேள்வி இவ்வளவுதான்.

அமெரிக்கப் பழையது என்றால் கழுத்தான நெக்கையும் உடம்பான பாடியையும் சேர்க்கும் இரும்புத் தகட்டில் ஆறு இலக்க எண் இருக்க வேண்டும். என்னுடையதில் தகடு வெறுமையாக இருந்தது. எண் நெக்கின் பின்பக்கம், பாடியோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கலாம். ஆனால் சரியாக அந்த இடத்தில் ஒரு வேல் ஸ்டிக்கர். கப்பல்காரத் தம்பி ஒட்டியது. வெயிலில் வெளுத்து, ஓரம் கறுத்து, மரத்தோடு மரமாகிப் போயிருந்தது.

அதை உரிக்க மனம் வரவில்லை. ஐயாவிடம் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கிழிக்காம எடுங்க தம்பி, எடுத்து எங்கிட்ட குடுத்துருங்க" என்றார். முடி உலர்த்தும் மெஷினைத் தள்ளிப் பிடித்து, இளஞ்சூட்டில் பசை இளகட்டும் என்று காத்திருந்து, நகத்தால் ஒரு மூலையைத் தூக்கினேன். முழு வேலாக வந்தது. அடியில் இருந்த பிசுக்கைத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைக்கத் துடைக்க, வார்னிஷுக்கு உள்ளே சின்னச் சின்னக் கறுப்பு எழுத்துகள் தெளிந்தன. மேட் இன் ஜப்பான். அதற்குக் கீழே ஏ என்ற எழுத்தும் ஆறு எண்களும்.

எண்ணைப் பார்த்த உடனே வருடம் தெரிந்துவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இங்கேதான் ஏமாறுவது. ஜப்பான் ஃபெண்டரில் ஏ எழுத்து இரண்டு முறை வந்திருக்கிறது. 1985-86இல் ஒரு முறை, 1997-98இல் மறுபடியும். பெய்ஸ்லி டெலிகாஸ்டர் இரண்டு காலத்திலும் உண்டு. பிரித்துச் சொல்வது எண் இல்லை, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வார்த்தை. முந்தைய காலத்தில் 'மேட் இன் ஜப்பான்' என்று போட்டார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் செய்யும் தொழிற்சாலை மாறியபோது 'கிராஃப்டட் இன் ஜப்பான்' என்று ஆக்கினார்கள். என்னுடையது மேட். அப்படியானால் 1985-86.

ஆனால் இது நெக்குக்கு மட்டும்தான் சாட்சி. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் யார் வேண்டுமானாலும் வேறு பாடியில் மாட்டிவிடலாம். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியெல்லாம் இறக்கி, மேசையில் போர்வை விரித்து, நெக்கைக் கழற்றினேன். குழியில் நான்கு ஸ்க்ரூவுக்கு நான்கே துளை. அடைத்துவிட்டு மறுபடி போட்ட அடையாளம் இல்லை. நெக்கை மறுபடி வைத்தால் காகிதம் நுழைய இடமில்லாமல் உட்கார்ந்தது. பிறகு குமிழ் இருக்கும் தகட்டைத் திறந்து வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் 'பாட்' என்ற மின்பாகம் இரண்டையும் பார்த்தேன். அறுபதுகளின் பிற்பகுதி அமெரிக்க ஃபெண்டர் என்றால் பெரும்பாலும் 304 என்று தொடங்கும் எண் பாட் முதுகில் குத்தியிருக்கும். அது ஸ்டாக்போல் கம்பெனியின் குறி. அடுத்த எண்கள் வருடத்தையும் வாரத்தையும் சொல்லும். 1966இல் மொத்தமாக வாங்கி வைத்த பாட்களைத்தான் ஃபெண்டர் 1969 வரைக்கும் போட்டுத் தீர்த்தது. என்னுடையதில் இருந்தவை ஜப்பானிய மெட்ரிக் அளவுச் சின்னப் பாட்கள், அந்தக் குறி எதுவும் இல்லை. நெக், பாடி, உள்வேலை மூன்றும் ஒரே கதையைச் சொல்லின.

ஜப்பான் என்று தெரிந்ததும் சில நண்பர்கள் முகம் மாறியது. "அப்போ ஒரிஜினல் இல்லையா?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவே இல்லை. ஃபெண்டர் ஜப்பான் 1982இல் தொடங்கியது ஃபெண்டரும், கண்டா ஷோகாய், யமானோ என்ற இரண்டு ஜப்பானிய நிறுவனங்களும் சேர்ந்து. செய்தது நாகானோ மாநிலம் மட்சுமோட்டோவில் இருந்த ஃபுஜிகென் தொழிற்சாலை. 1985இல், அதுவரை சொந்தக்காரராக இருந்த சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை விற்றபோது, கம்பெனியின் சொந்த ஆட்களே சேர்ந்து வாங்கினார்கள். பெயர் கிடைத்தது, ஃபுல்லர்டனில் இருந்த பழைய தொழிற்சாலை கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவிலேயே கொரோனா என்ற ஊரில் புது இடம் பிடித்து வேலை சூடுபிடிக்கும் வரை ஃபெண்டர் பெயரைத் தாங்கி நின்றது பெரும்பாலும் ஜப்பானில் செய்த கித்தார்கள்தான். என் கித்தார் அந்த நேரத்துப் பிள்ளை. வீட்டுக்காரர் இல்லாதபோது குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெரியம்மா பிள்ளையை யாரும் வெளியாள் என்று சொல்வார்களா?

லிமிடெட் என்ற சொல்லைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1987இல் ஐபனெஸ் கம்பெனி செய்த பச்சை ஜெம் கித்தார் 777தான், ஒவ்வொன்றிலும் கித்தார் கலைஞர் ஸ்டீவ் வாய் கையால் போட்ட எண்ணும் கையெழுத்தும் இருக்கும். அதுதான் லிமிடெட் எடிஷன். என்னுடையதில் அப்படி எண்ணிக்கை எதுவும் போடவில்லை. அரிதானது, எங்கள் வட்டாரத்தில் இரண்டாவது ஒன்றை நான் பார்த்ததில்லை, ஆனால் எண்ணி விட்டது இல்லை. விற்கிறவர் லிமிடெட் என்றால், எங்கே எண் என்று கேளுங்கள்.

இனி வாசிப்பு. எடை 3.4 கிலோ. இரண்டரை மணி நேர நிகழ்ச்சிக்கு நின்று வாசித்தாலும் தோள் வலிக்காது. கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கத்தில் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் தவிலுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் தெளிவாக வெட்டிக்கொண்டு வெளியே வரும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் டோனைப் பாதி குறைத்தால் எண்பதுகளின் சினிமா மெலடிக்கு வேறு எதுவும் தேவையில்லை. குறை என்றால் விரல் வைத்து அழுத்தும் ஃபிங்கர்போர்டின் வளைவு. பழைய அளவு, 7.25 இன்ச். கார்டு பிடிக்கச் சொகுசாக இருக்கும், ஆனால் மேல் ஃப்ரெட்களில் (நெக்கில் பதித்த உலோகக் கோடுகளில்) கமகத்துக்காகக் கம்பியை நன்றாக இழுத்தால் சத்தம் செத்துவிடும். கம்பியின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துத்தான் சமாளிக்கிறேன். இழுத்து இழுத்து வாசிக்கிறவர்கள் வாங்கும் முன் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் போய்ச் சோதித்துப் பாருங்கள்.

நம் ஊர் ஈரம் பெரிய சோதனை. பகலெல்லாம் வெயில், நாலு மணிக்கு மழை, வீட்டுக்குள் வியர்வை. கம்பி இரண்டு வாரத்தில் கறுத்துவிடும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் சாடில்களின் குட்டி ஸ்க்ரூக்கள் ஐந்தாவது வருடத்தில் துருவேறி இறுகிவிட்டன. நெக் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடின் தலை பாடிக்குள் மறைந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் நெக்கைத் தளர்த்தித்தான் தொட முடியும். வருடத்துக்கு இரண்டு முறை, வருடக்கடைசி மழைக்கு முன்னும் பின்னும் செய்கிறேன். பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் வைத்து மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். வார்னிஷில் இதுவரை விரிசல் இல்லை.

தோட்டத்துக் கோயில் மேடைகளில் ஜெனரேட்டர் கரண்ட். ஒரே கம்பிச்சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் என்பதால் ஊமென்று ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால் பாதி குறையும். பாட்டு இல்லாத நேரத்தில் வால்யூமை மூடி வைப்பது பழக்கமாகிவிட்டது.

ஒரு வருத்தம் மட்டும் இன்னும் ஆறவில்லை. ஆறாவது வருடம் வால்யூம் கரகரவென்றது. ரிப்பேருக்குக் கொடுத்தேன். என்னைக் கேட்காமலே வால்யூம் பாட் பாகத்தைக் கழற்றி, பெரிய அளவுப் புதுப் பாட் போடுவதற்காகத் தகட்டின் துளையையும் அகலமாக்கிவிட்டார்கள். பழையதைக் கேட்டால் குப்பையில் போட்டாச்சு என்றார்கள். கித்தாரின் பிறப்புக்கு இருந்த சாட்சிகளில் ஒன்று போய்விட்டது. நல்லவேளை, அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்தேன். டோன் பாட் இன்னும் அதே பழையதுதான். அதற்குப் பிறகு வெளியே எதற்கும் கொடுப்பதில்லை, கற்றுக்கொண்டு நானே செய்கிறேன்.

வேல் ஸ்டிக்கரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஐயாவிடம் 1985-86 என்று சொன்னேன். பசியாறிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். "நீ பொறந்த வருசம் சித்தப்பா யோக்கஹாமாவுல இருந்து என்ன கொண்டாந்தான்?" அக்கா சமையலறையிலிருந்தே சொன்னார், "எனக்குத் தூங்குற பொம்ம, அவருக்குக் கித்தார்." அக்கா பிறந்தது 1986. ஸ்டிக்கரை ஐயா சாமி மேடையில் தம்பி படத்துக்குக் கீழே ஒட்டினார்.

இப்போது கழற்றுகிற எதையும் எறிவதில்லை. துருவேறிய சாடில் ஸ்க்ரூக்கள், தேய்ந்துபோன நட், பழைய ஸ்விட்ச் மூடி எல்லாம் ஒரு மைலோ டின்னில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, எடுத்த தேதியைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன். கித்தார் எப்போதாவது வேறு கைக்குப் போனால் டின்னும் கூடவே போகும்.